போலீஸ் எழுதிய வாக்குமூலமும் நான் காதால் கேட்டதும்: கோர்ட்டில் எதைச் சொல்வது?

கைகாட்டி டீக்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு கைகாட்டியில் டீக்கடை வைத்திருக்கிறேன். 2022 டிசம்பரில் என் கடைக்குக் கீழே எஸ்டேட்டுக்குப் போகும் படிக்கட்டுப் பாதையில் ஒருவரைக் கவாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார்கள். கோவை ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இறந்துபோனார். அந்தக் கொலை வழக்கில் சாட்சி சொல்ல ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

வெட்டியதை நான் பார்க்கவில்லை. இரவு எட்டு மணி, நல்ல மஞ்சு (மூடுபனி), கடை சாத்திக்கொண்டிருந்தேன். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருந்த ஒரு பையன் மூச்சு வாங்க ஓடிவந்து, ஹிந்தியும் தமிழும் கலந்து, இன்னார் இன்னாரை வெட்டிவிட்டான் என்றான். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடிபட்டவர் படிக்கட்டில் சாய்ந்து கிடந்தார். வேறு யாரும் அங்கே இல்லை. ஜீப் பிடித்து அனுப்பினோம். மறுநாள் ஸ்டேஷனில் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ரைட்டர் எழுதிக்கொண்டார்.

நேற்று சம்மன் கொண்டுவந்த ஏட்டு அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அதில் "எதிரி கத்தியுடன் ஓடியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்" என்று இருக்கிறது (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவராம்). நான் அப்படிச் சொல்லவே இல்லை. கேட்டால், "எழுதியிருக்கிறபடி சொல்லிவிடுங்கள், மாற்றினால் பிறழ் சாட்சி ஆகிவிடுவீர்கள்" என்கிறார். என் மகனோ, "அப்பா, நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லை, காதால் கேட்டது செல்லாது, அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்" என்கிறான்.

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

ஓய்வு எஸ்எஸ்ஐ கூடலூர் எழுதியது:

ஐயா, முதல் காரியம். எதிரியின் பெயர், இறந்தவர் பெயர், எஸ்டேட் பெயர் எதையும் இங்கே எழுதாதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் பேசுவோம்.

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

எஸ்எஸ்ஐ ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். டீக்கடை அண்ணா, நீங்கள் என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், யாரும் சொல்லித்தரவும் கூடாது. உங்கள் பயத்தில் பாதி ஒரு தவறான எண்ணத்திலிருந்து வருகிறது, அதை மட்டும் நீக்கிவிடுகிறேன்.

ஸ்டேஷனில் எழுதிய அந்தத் தாள் உங்கள் சாட்சியம் அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161ஆவது பிரிவின்படி போலீஸ் விசாரிக்கலாம், சொன்னதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் 162ஆவது பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. "சாட்சி அன்றைக்கே இப்படிச் சொன்னார், பாருங்கள்" என்று அரசுத் தரப்பு அதை ஆதாரமாக நீட்டவும் முடியாது. கோர்ட்டில் நீங்கள் பேசுவது அதோடு முரண்பட்டால், அந்த முரணைக் காட்ட மட்டுமே அது பயன்படும். எதிரித் தரப்பு அதைத் தாராளமாகச் செய்யலாம். அரசுத் தரப்பு செய்ய வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி வேண்டும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? நீங்கள் ஸ்டேஷனில் பேசியபோது சத்தியம் வைக்கவில்லை. எதிர்த்தரப்பு அங்கே இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. நீங்கள் பேசியது ரைட்டரின் நடையில், ரைட்டரின் வேகத்தில் தாளில் ஏறியது. உங்கள் விஷயத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

பிறழ் சாட்சி என்றால் குற்றவாளி என்று ஊரில் நினைக்கிறார்கள். சாட்சியச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 154ஆவது பிரிவு சொல்வது, ஒரு தரப்பு தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய நீதிபதி அனுமதி தரலாம் என்பதுதான். அனுமதி கொடுத்துவிட்டால் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், 1970களிலேயே உச்ச நீதிமன்றம் பகவான் சிங் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. சத்தியம் வைத்துவிட்டுப் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் குற்றம். அதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

இன்னொன்று. 1.7.2024 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும். உங்கள் வழக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் பழைய எண்களையே சொல்கிறேன்.

கைகாட்டி டீக்கடை எழுதியது:

ரொம்ப நன்றி வக்கீல் சார். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். அன்று காலையில் சம்பவ இடத்தில் ஒரு மகஜரில் போட்டேன். அதைத்தான் இவ்வளவு நாள் வாக்குமூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

அது பார்வை மகஜராக இருக்கும். அதில் கையெழுத்துப் போடுவது சரிதான். உங்களைச் சாட்சியாக வைத்துப் போலீஸ் அந்த இடத்தில் கண்டதை எழுதியது அது. இரண்டும் வேறு வேறு.

பந்தலூர் அக்கா எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. என் தம்பி ஒரு தகராறில் அடிபட்டு இறந்தான். லைன் வீட்டில் பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேர் நேரில் பார்த்தவர்கள், இருவரும் வெளி மாநிலம். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஊருக்குப் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறி, "விசாரணையில் எதிரிதான் அடித்தார் என்று தெரியவந்தது" என்றார். எதிரித் தரப்பு வக்கீல் எழுந்தார், நீதிபதி அந்த வரியையே பதிவு செய்யவில்லை. அவர் விசாரித்தது உண்மை. அந்த இருவரும் அவரிடம் சொன்னதும் உண்மை, எங்கள் முன்னால்தான் சொன்னார்கள். விடுதலை ஆகிவிட்டது.

போலீசிடம் சொன்னது ஆதாரம் ஆகாது என்ற இந்த விதி நல்லதற்குத்தான் என்று சொல்கிறீர்கள். என் தம்பிக்கு அது என்ன செய்தது?

ஓய்வு எஸ்எஸ்ஐ கூடலூர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. முப்பது வருடத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைக் கூண்டில் நின்றே பார்த்தவன் நான். "விசாரணையில் தெரியவந்தது" என்பது எங்கள் வாயில் ஊறிப்போன வாக்கியம். குற்றப்பத்திரிகையில் எழுதலாம். கூண்டில் சொன்னால் நிற்காது. இன்னொருவர் பார்த்ததை அவருக்குப் பதிலாக நாங்கள் சொல்கிறோம், அவரைக் கேள்வி கேட்க வழியில்லை, எங்களைக் கேட்டால் எங்களுக்கும் அதற்கு மேல் தெரியாது.

ஆனால் போலீஸ் சாட்சியே செல்லாது என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது. நாங்கள் கண்டதை, செய்ததை நாங்களே சொல்லலாம். நாடுகாணி சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினேன், சீட்டுக்கு அடியில் இது இருந்தது, நான் எடுத்தேன் என்றால் அது நேரடிச் சாட்சியம். போலீஸ்காரர் என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம். இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கும் சட்டத்தில் கிடையாது. மலையில் மகஜருக்கு வெளி ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பத்து வீடு உள்ள ஊரில் எவன் எதிர்வீட்டுக்காரனுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவான்? அதனால் ஒரே இரண்டு பேர் எல்லா வழக்கிலும் சாட்சியாக வருவார்கள். எதிரித் தரப்பு அதை வைத்தே எங்களைக் கிழிக்கும்.

சட்டம் படிக்கிறேன் எழுதியது:

குன்னூரிலிருந்து எழுதுகிறேன், கோவையில் படிக்கிறேன். எஸ்எஸ்ஐ ஐயாவிடம் ஒரு சந்தேகம். "ரகசியத் தகவல் கிடைத்தது, அதனால் போனோம்" என்று எல்லா வழக்கிலும் போலீஸ் சொல்கிறதே, அதுவும் இன்னொருவர் சொன்னதுதானே? அதை மட்டும் எப்படி அனுமதிக்கிறார்கள்?

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பந்தலூர் அக்காவுக்குக் கீழே தனியாக எழுதுகிறேன், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். செவிவழிச் சாட்சியம், அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியாகச் சொல்வது, என்றால் என்ன என்பது இதில்தான் பிடிபடும்.

1956இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு மலாயாவிலிருந்து ஒரு வழக்கு போனது. எதிரியின் பெயர் சுப்பிரமணியம். ஜொகூரில் காயத்தோடு பிடிபட்டார், இடுப்பு வாரில் இருபது தோட்டாக்கள் இருந்தன. அவசரநிலைக் காலம், அது மரண தண்டனைக் குற்றம். "தீவிரவாதிகள் என்னைப் பிடித்து மிரட்டினார்கள், பயத்தில்தான் வைத்திருந்தேன்" என்றார். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று சொல்லப் போனபோது விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார், செவிவழிச் சாட்சியம், அவர்களே வந்து சொல்ல வேண்டும் என்று. பிரிவி கவுன்சில் அது தவறு என்றது. அவர்கள் சொன்னது உண்மையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. அப்படிச் சொன்னார்கள் என்பதும், அதைக் கேட்டு இவர் பயந்தார் என்பதும்தான் விஷயம். அதற்கு அவர்தான் நேரடிச் சாட்சி. தண்டனை ரத்தானது.

ரகசியத் தகவலும் அப்படித்தான். போலீஸ் ஏன் அந்த இடத்துக்குப் போனது என்று விளக்க அதைச் சொல்லலாம். வண்டியில் கஞ்சா இருந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. ஒரே வாக்கியம், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து உள்ளே வரும் அல்லது வெளியே நிற்கும்.

மசினகுடி எழுதியது:

எங்கள் பக்கம் போலீஸைவிட வனத்துறைதான் அதிகம் விசாரிக்கிறது. கம்பி வைத்தாய், மான் பிடித்தாய் என்று ஆளைக் கூட்டிப்போய் எழுதி வாங்குகிறார்கள். போலீஸிடம் ஒப்புக்கொண்டால் செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும். ரேஞ்சர் ஆபீசில் எழுதிக் கொடுத்தால்?

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

இதை நம் மலைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. அதிலும் ஒரு வாசல் உண்டு. அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், கண்டெடுப்புக்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் 27ஆவது பிரிவில் செல்லும். "அனுமதிக்கத்தக்க பகுதி" என்று தனியாகக் குறியீடு செய்வார்கள். தேயிலைப் புதருக்குள் கத்தியை வைத்திருக்கிறேன், காட்டுகிறேன் என்றது வரும். அதை வைத்து இன்னாரை வெட்டினேன் என்றது வராது.

ஆனால் வனத்துறை அதிகாரி 25ஆவது பிரிவு சொல்லும் காவல் அதிகாரி அல்ல என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 50(8)ஆவது பிரிவில், அதிகாரம் பெற்ற உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி சாட்சியங்களைப் பதிவு செய்யலாம். எதிரி முன்னிலையில் பதிவு செய்திருந்தால் அது விசாரணையில் ஏற்கத்தக்கது. ஆகவே ரேஞ்சர் ஆபீசில் போடும் கையெழுத்து ஸ்டேஷனில் போடுவதைவிட உங்களைக் கடுமையாகக் கட்டும். மிரட்டி வாங்கியது என்றால் அது தனி வாதம், ஆனால் அதை நீங்கள்தான் எடுத்து நிறுத்த வேண்டும். படிக்கத் தெரியாதவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கஞ்சா வழக்குகளில் 2020 அக்டோபர் 29க்கு முன்பு இதே நிலைதான் இருந்தது. தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், போதைப்பொருள் சட்டத்தில் அதிகாரம் பெற்றவர்களும் காவல் அதிகாரிகளே, அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்றது. வனத்துறைக்கு அப்படி ஒரு தீர்ப்பு வர வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. அறைக்குள் தனியாக உட்காரவைக்கப்பட்ட பணியர், இருளர் பழங்குடிக்காரருக்கு காக்கிச்சட்டையின் நிறம் எது என்பது ஒரு வித்தியாசமும் இல்லை.

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

பந்தலூர் அக்கா, உங்களுக்கு. உங்கள் தம்பி வழக்கில் விதி தவறவில்லை என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்த முடியாது. ஆனால் அந்த வரியை நீதிபதி ஏற்றிருந்தால் நாளைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் யாரைப் பற்றியும் "தெரியவந்தது" என்று சொல்லித் தண்டனை வாங்கிவிடலாம். அங்கே தவறியது வேறு. பார்த்தவர்கள் ஊருக்குப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர்களை மீண்டும் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை. காணொளி வழியாகச் சாட்சியம் எடுக்கலாம் என்று 2003லேயே உச்ச நீதிமன்றம் பிரபுல் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ராஞ்சியில் இருந்தாலும் ஊட்டி கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியும். சம்மன் "விலாசத்தில் இல்லை" என்று திரும்பிவந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

பந்தலூர் அக்கா எழுதியது:

காணொளி பற்றி எங்களிடம் யாருமே சொல்லவில்லை சார். அந்த இருவரில் ஒருவருடைய போன் நம்பர் அப்போது என்னிடமே இருந்தது.

டீக்கடை அண்ணா, உங்களிடம் ஓடிவந்த அந்தப் பையன் இப்போது எங்கே?

கைகாட்டி டீக்கடை எழுதியது:

ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது அக்கா. அவன் சித்தப்பா மகன் இன்னும் இங்கே பேக்டரியில் வேலை செய்கிறான். நாளைக்கே நம்பர் வாங்குகிறேன்.

வக்கீல் சார், இன்னொன்றும் இருக்கிறது. செல்லாது என்று மகன் சொன்னதால் இங்கே எழுதவில்லை. நான் போனபோது அடிபட்டவருக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "கொடுத்த பணத்தைக் கேட்டதுக்கு வெட்டிட்டாண்ணே" என்று ஒரு பெயரைச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அப்புறம் ஜீப் வரும்வரை பேசவில்லை. இதை ஸ்டேஷனில் சொன்னேன். ஏட்டு படித்துக் காட்டியதில் இந்த வரி இல்லை.

கோத்தகிரி வக்கீல் எழுதியது:

அண்ணா, இதை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா!

உங்கள் மகன் சொன்னது இங்கே பொருந்தாது. இறந்துபோனவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொன்னது சாட்சியச் சட்டம் 32(1)ஆவது பிரிவில் வரும் மரண வாக்குமூலம். கேட்டவர் வந்து சொல்லலாம். மாஜிஸ்திரேட் எழுத வேண்டும், டாக்டர் சான்று வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, டீக்கடைக்காரரிடம் வாயால் சொன்னதும் மரண வாக்குமூலம்தான். சொல்லும்போது சாகப் போகிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டியதுகூட நம் சட்டத்தில் இல்லை. நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று 1957இல் குஷால் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிழைத்திருந்தால் கதை வேறு. அப்போது அவரேதான் வந்து சொல்ல வேண்டும். இறந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால்தான் சட்டம் இந்த இடத்தில் இளகுகிறது.

அந்தப் பையன் உங்களிடம் சொன்னது வேறு வகை. அவன் உயிரோடு இருக்கிறான், அவன் பார்த்ததை அவன் சொல்ல வேண்டும். சம்பவத்தோடு ஒட்டி, அந்த மூச்சிலேயே சொன்னதாக இருந்தால் 6ஆவது பிரிவில் உங்கள் வாயாலும் வரக்கூடும். ஆனால் நேரம் கொஞ்சம் விலகினாலும் அது போய்விடும், 1996இல் ஆந்திரப் பேருந்து எரிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியை மிகக் கறாராகப் பார்த்தது. அதை வக்கீல்கள் வாதாடிக்கொள்வார்கள்.

உங்களுக்கு வரப்போகும் கஷ்டம் இதுதான். போலீஸ் வாக்குமூலத்தில் இந்தப் பேச்சு இல்லை. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் முரண்பாடாகக் கருதப்படலாம் என்பது 1959இன் தாசில்தார் சிங் வழக்கிலிருந்தே வருகிற விஷயம், இது போன்ற ஒன்றை விட்டால் எந்த எதிரித் தரப்பு வக்கீலும் சும்மா இருக்க மாட்டார். "இதைப் போலீசிடம் சொல்லவில்லை, இப்போது புதிதாகச் சொல்கிறீர்கள்" என்று உங்களைப் பிடிப்பார்கள். நானாக இருந்தாலும் பிடிப்பேன். அதற்குத் தயாரித்துக்கொள்ளும் பதில் எதுவும் கிடையாது, நடந்தது மட்டும்தான். கோர்ட்டுக்குப் போனதும் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, தாளில் இருப்பது, இல்லாதது இரண்டையும் நேராகச் சொல்லிவிடுங்கள். பையனின் நம்பரையும் கொடுங்கள்.

ஓய்வு எஸ்எஸ்ஐ கூடலூர் எழுதியது:

ரைட்டர்கள் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்று பத்துப் பேரை விசாரித்திருப்பார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவர் தாளில் ஏறியிருக்கும். ஆனால் அதற்கு விலை கொடுப்பது சாட்சி. நானே அப்படி அவசரமாக எழுதியிருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சட்டம் படிக்கிறேன் எழுதியது:

ஐயா, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 336ஆவது பிரிவில், அறிக்கை எழுதிய அதிகாரி மாறுதலாகிவிட்டாலோ ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அந்தப் பதவியில் இப்போது இருப்பவர் வந்து அந்த ஆவணத்தைப் பற்றிச் சாட்சி சொல்லலாம் என்று வந்திருக்கிறது. ரைட்டர் எப்படி எழுதினார் என்று தெரியாத ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்து என்ன பயன்?

ஓய்வு எஸ்எஸ்ஐ கூடலூர் எழுதியது:

கூடலூரில் எழுதிய மகஜருக்காக ராமநாதபுரத்திலிருந்து இரவெல்லாம் பஸ் ஏறி வந்து, வாய்தா என்று திரும்பிப் போனவன் நான். அந்தக் கஷ்டம் தீரும் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் நீ கேட்பதும் நியாயம். அந்த மஞ்சில் எவ்வளவு தூரம் கண் தெரிந்தது என்று புதிதாக வந்தவரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஆவணத்தைக் காட்டலாம். அன்று அங்கே நின்றவன் கண்ணை அவர் கொண்டுவர முடியாது.

கைகாட்டி டீக்கடை எழுதியது:

நேற்று போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். விவரம் முழுவதும் எழுதக் கூடாது என்பதால் என்னைப் பற்றியது மட்டும்.

காலையிலேயே அரசு வழக்கறிஞரைப் பார்த்து எல்லாம் சொன்னேன். கொஞ்சம் முகம் மாறியது, ஆனால் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார். பையனின் நம்பரைக் குறித்துக்கொண்டார், மறுபடி சம்மன் அனுப்ப மனுப் போடுவதாகச் சொன்னார். பந்தலூர் அக்கா, அதற்கு நீங்கள்தான் காரணம்.

கூண்டில் ஏறியதும் கை நடுங்கியது. பையன் ஓடிவந்தது, டார்ச், தண்ணீர், அவர் சொன்ன வார்த்தை, எல்லாம் சொன்னேன். யாரும் ஓடியதைப் பார்க்கவில்லை என்றேன். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நீதிபதியிடம் அனுமதி வாங்கி, "போலீஸ் விசாரணையில் பார்த்ததாகச் சொன்னீர்களா" என்று அரசு வழக்கறிஞரே கேட்டார். சொல்லவில்லை என்றேன்.

எதிரித் தரப்பு வக்கீல் முக்கால் மணி நேரம் கேட்டார். இறந்தவர் பெயர் சொன்னதாகப் போலீசில் சொல்லவில்லை என்றார். போலீசிடம் சொன்னேன், அவர்கள் எழுதினார்களா என்று அப்போது எனக்குத் தெரியாது, அன்று எனக்குப் படித்துக் காட்டவில்லை என்றேன். நான் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றார். சரியல்ல என்றேன். விசாரணை அதிகாரி வரும்போது அவரிடமும் இதைக் கேட்பார்களாம்.

கடைசியில் தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டினார்கள். "இறந்தவர் எதிரியின் பெயரைச் சொன்னதாகத் தெரிந்துகொண்டேன்" என்று ஒரு வரி இருந்தது. நான் நிறுத்தச் சொன்னேன். தெரிந்துகொள்ளவில்லை ஐயா, அவர் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டேன் என்றேன். நீதிபதி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அப்படியே திருத்தச் சொன்னார். திருத்திய பிறகு கையெழுத்துப் போட்டேன்.